வாசியும் வட்டியும்

திருச்சிற்றம்பலம்.

  

திருவீழிமிழலையிலே எம்பெருமான் படிக்காசு அருளிய வரலாற்றை இன்றிரவு எடுத்துரைக்குமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்துள்ளனர். வரலாறு நீங்கள் யாவரும் அறிந்ததே. ஆயினும், அதனுள் பலரும் விரைந்து கடந்து செல்லும் இடம் ஒன்று உண்டு. அவ்விடத்தில் சற்று நின்று நோக்க விரும்புகின்றோம்.

வானம் பொய்த்தது, நாட்டில் பஞ்சம் வந்தது. ஆளுடைய பிள்ளையாரும் ஆளுடைய அரசரும் அடியார் கூட்டத்தோடு வீழிமிழலையில் எழுந்தருளியிருந்தனர். இறைவன் நாள்தோறும் இருவருக்கும் ஒவ்வொரு பொற்காசு அளித்தருளினான். கிழக்குப் பீடத்திலே பிள்ளையாருக்கு, மேற்குப் பீடத்திலே அரசருக்கு. அக்காசினைக் கொண்டு இரண்டு திருமடங்களிலும் அடியவர்கள் அமுது செய்தனர். அரசர் மடத்தில் உரிய பொழுதில் பந்தி நிகழ்ந்தது. பிள்ளையார் மடத்திலோ நாள்தோறும் காலம் தாழ்த்தது.

இங்கேதான் நாம் நிற்க வேண்டும். பிள்ளையார் யாரைக் கேட்டார்? கருவூலக் கணக்கரைக் கேட்டாரில்லை. கடைத்தெரு வணிகரைக் கேட்டாரில்லை. அமுது சமைக்கும் பணியாளரை அழைத்துக் கேட்டார். அவர்களும் அஞ்சாது உள்ளதைச் சொன்னார்கள். 'தேவரீர் பெறும் காசுக்கு வணிகர் வாசி கேட்கின்றனர். அரசர் பெறும் காசு வாசியின்றிச் செல்கின்றது. பண்டம் வாங்கி வர எமக்குப் பொழுதாகின்றது' என்பது அவர்தம் விடை. வாசியாவது, காசை மாற்றும்போது அதன் பெறுமதியில் கழித்துக்கொள்ளும் குறைவு. அரசர் கையில் உழவாரம் பிடித்துத் தொண்டு செய்தவராதலின் அவர் காசு முழுப்பெறுமதி உடையதாயிற்று எனச் சேக்கிழார் பெருமான் காரணம் காட்டுவார். அதன் பின்னரே பிள்ளையார் இறைவனிடம் சென்று வாசி தீர்த்தருள வேண்டிப் பாடினார்.

காசில் குறைவு இருப்பதை அடுக்களைதான் முதலில் அறிந்தது. இதனை யாம் ஏட்டில் கற்று நெடுங்காலம் கழிந்த பின்னரே வீட்டில் கற்றோம். நாணத்தை விடுத்து அதனை இந்தச் சபையிலே சொல்லுகின்றோம்.

1994-ஆம் ஆண்டு எம் தங்கையின் திருமணத்தின் பொருட்டு ஒருவரிடம் 20,000 ரூபாய் மூன்று வட்டிக்குக் கடன் கொண்டோம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36. மாதம் 600 ரூபாய் வட்டி. சொற்பொழிவாளன் வருவாய் எத்தகையது என்பது உங்களுக்குத் தெரியும். மார்கழியிலும் பங்குனியிலும் ஊர்தோறும் அழைப்பு வரும். ஐப்பசி மழையிலே திண்ணையில் அமர்ந்திருக்க வேண்டியதுதான். அந்தக் கடனை எம் இல்லாளிடம் சொன்னோமில்லை. அவள் மனம் நோகுமே என்று கருதியதாக அப்பொழுது நினைத்துக்கொண்டோம். உண்மையில் எம் மதிப்புக் குறையுமே என்ற அச்சம்தான். வரும் சம்மானத்தில் வட்டியை எடுத்துக்கொண்டு, எஞ்சியதை வீட்டில் கொடுத்து வந்தோம்.

மூன்று ஆண்டுகள் சென்றன. கட்டிய வட்டி 21,600. முதலில் ஒரு ரூபாயும் குறையவில்லை. வாங்கியதினும் மிகுதியாகக் கொடுத்தும், வாங்கியது முழுவதும் அப்படியே நின்றது.

1997-ஆம் ஆண்டில் ஓர் இரவு உணவு மிகவும் காலம் தாழ்த்தது. பசியினால் யாம் கடிந்து பேசினோம். அவள் அமைதியாகச் சொன்னாள்: "மாதத் தொடக்கத்தில் மூட்டையாக அரிசி வாங்கிய வீடு இது. இப்போது அரைக் கிலோ வாங்கி வரப் பையனைக் கடைக்கு அனுப்புகிறேன். அவன் பற்று நோட்டைக் கொண்டு போய், கடைக்காரர் மற்றவர்க்கெல்லாம் கொடுத்து முடிக்கும் வரை நின்று வாங்கி வருகிறான். மொத்தம் எவ்வளவு கடன்? அதை மட்டும் சொல்லுங்கள்."

வீழிமிழலை வரலாற்றை அதற்கு முன் எத்தனையோ மேடைகளில் பேசியிருந்தோம். அதன் பொருள் அன்றிரவுதான் விளங்கியது. மூட்டையாக வாங்குவோனுக்கு ஒரு விலை. அரைக் கிலோவாகப் பற்றெழுதி வாங்குவோனுக்கு வேறு விலை. அந்த வேற்றுமையே வாசி. வட்டியை யாம் அறிவோம். வாசியை அவள் ஒருத்தியே அறிந்திருந்தாள். இரண்டையும் ஒரு தாளில் எழுதியபின்தான் குடும்பத்தின் உண்மைக் கணக்குத் தெரிந்தது.

பையனுடைய பழைய நோட்டுப் புத்தகத்தில் அன்றே கணக்கெழுதினோம். வட்டி 600 மட்டும் கட்டினால் கடனுக்கு முடிவே இல்லை. அதனோடு 200 சேர்த்து மாதம் 800 கட்டினால் 47 மாதங்களில் தீரும். 1,200 கட்டினால் 24 மாதங்களிலேயே தீர்ந்துவிடும். முதல் குறையக் குறைய வட்டியும் குறைந்து, அந்த மிச்சம் முதலுக்கே போய்ச் சேருவதால் இவ்வாறு ஆகின்றது. இந்தக் கணக்கை முதல் மாதமே போட்டிருக்கலாம். போடுவதற்கு அஞ்சினோம்.

கடன் கொடுத்தவர் முதலைச் சிறுகச் சிறுகப் பெற இசையவில்லை. அவருக்கு வட்டி ஒழுங்காக வருவதே போதுமாயிருந்தது. இருவரும் சேர்ந்து சென்று, இருமுறை கேட்டபின் இசைந்தார். கொடுக்குந்தோறும் கடன் பத்திரத்தின் பின்புறத்தில் வரவு எழுதி வாங்கினோம். வாய்ச்சொல்லை நம்பிக் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர். நீங்களும் எழுதி வாங்குங்கள்.

இரண்டு தகர டப்பாக்கள் வைத்தோம். சம்மானம் வந்த அன்றே கடனுக்குரியது முதல் டப்பாவில் விழுந்துவிடும். எஞ்சியதைத் தருவோம் என்றிருந்தால் எஞ்சுவதில்லை என்பதைக் கண்டுவிட்டோம். மற்றது அரிசி டப்பா. மார்கழி வருவாயை மார்கழியிலே செலவிடாமல் ஐப்பசிக்கும் பங்கிட்டு வைத்தாள். தை அறுவடையின்போது நெல்லாக வாங்கினாள். பற்று நோட்டு ஓராண்டில் மூடப்பட்டது. மாதம் எட்டு நூறு, விழாக் காலத்தில் சற்றுக் கூடுதல் எனக் கட்டிவந்தோம்.

அணிகலன் உடையோர்க்கு ஒரு சொல். பெட்டியிலே பொன்னைப் பூட்டி வைத்துக்கொண்டு மூன்று வட்டி கட்டுவது பேதைமை. வங்கியில் நகைக்கடன் வட்டி அதிற் பாதிக்கும் குறைவு. குறைந்த வட்டியில் வாங்கிக் கூடிய வட்டியை அடைக்கலாம். ஆனால் அப்படி வாங்கியதில் ஒரு ரூபாயும் வேறு செலவுக்குப் போகக் கூடாது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்பவற்றைத் தடுக்க 2003-ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் சட்டம் இயற்றப்பட்டது. அத்தகையோர் வாயிலில் வந்து நின்று மிரட்டினால் அஞ்சி ஒளிய வேண்டுவதில்லை. காவல் நிலையத்தில் முறையிடலாம். கைபேசியிலே நொடியில் கடன் தருவோரும் இப்பொழுது பெருகிவிட்டனர். கதவைத் தட்டாமலே உள்ளே வருகின்றவர்கள் அவர்கள்.

இளையான்குடிமாற நாயனார் கடன் வாங்கியும் அடியாருக்கு அமுதளித்தாரே, நாங்கள் வாங்கலாகாதா என்று சென்ற ஆண்டு ஓரன்பர் எம்மைக் கேட்டார். நாயனார் வறுமையுற்ற பின்னரே கடன் கொண்டார். அதுவும் பிறர் பசிக்காக. ஊரார் வியக்க வேண்டிப் பந்தலும் பாட்டுக் கச்சேரியும் அமைப்பதற்கு அவரைத் துணைக்கு அழைத்தல் முறையோ? அன்றியும் அவர் மனைவியார்க்குத் தெரியாமல் ஒன்றும் செய்தாரில்லை. மழையிரவில் வயலில் விதைத்த முளைநெல்லைக் கொணர்ந்து சமைக்கலாம் என்று வழி சொன்னவரே அந்த அம்மையார்தாம்!

இன்னொன்றும் சொல்லுகின்றோம், மண்டகப்படி உபயதாரர்கள் பொறுத்தருள வேண்டும். கடன்பட்டிருப்போர் அக்கடன் தீருமளவும் இத்திருவிழாப் பட்டியலில் பெருந்தொகை எழுத வேண்டா. எழுதாவிடின் அயலார் என்ன நினைப்பரோ என்று எழுதுகின்றீர்கள். ஒரு வில்வத்தையும் ஒரு கை நீரையும் ஏற்பவன் அல்லனோ நம்பெருமான்? பிறருக்குரிய பணத்தைத் தன் உண்டியலில் இடுமாறு அவன் கேட்டதாக எப்புராணத்திலும் யாம் படித்ததில்லை.

2000-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் எம் கடன் தீர்ந்தது. பத்திரத்தைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பியபோது விளக்கேற்றும் வேளை. அப்பொழுதே இலை போட்டிருந்தது. பையன் உண்டு முடித்துத் திண்ணையில் படித்துக்கொண்டிருந்தான். பத்திரத்தை அவளிடம் கொடுத்தோம். அவள் அதனைக் கிழிக்கவில்லை. அரிசி டப்பாவின் அடியிலே போட்டு வைத்தாள். இன்றும் அங்கேதான் இருக்கின்றது.

மேளம் கேட்கின்றது, சுவாமி புறப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. வாசி தீர்ந்த பின் பிள்ளையார் மடத்தில் நிகழ்ந்தவற்றை நாளை இரவு தொடர்வோம்.

திருச்சிற்றம்பலம்.