தலையெழுத்தும் சாவிக்கொத்தும்

(சென்னை மயிலாப்பூர் மாங்கொல்லையில் நடந்த பொதுக்கூட்டத்தில் நாம் பேசியதின் சாரம்.)



இன்று நாம் பேச வந்த விஷயம் மூளையைப் பற்றியது. நாம் வைத்தியம் படித்தவர்களல்ல. பள்ளிக்கூடப் படிப்பும் நமக்கு அதிகமில்லை. வாசகசாலையில் உட்கார்ந்து படித்ததும், விளங்காததை டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுமே நமது சரக்கு. ஆகையால், நாம் சொல்லுகிறோம் என்பதற்காக நீங்கள் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. யோசித்துப் பார்த்துச் சரியென்று பட்டதை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

சில நாட்களுக்கு முன் இங்கே மாடவீதியில் பத்து வயதுப் பையன் ஒருவன் வலிப்பு வந்து விழுந்தான். உடனே கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் ஓடிவந்து தம் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார். இன்னொருவர் வாயில் கரண்டியை நுழைக்கப் போனார். நாம் தடுத்தோம். நம்மைத்தான் கோபித்துக்கொண்டார்கள். இரண்டு நிமிஷத்தில் பையன் தெளிந்தான். "பார்த்தீர்களா, இரும்பின் மகிமையை!" என்றார் சாவிக்காரர். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, "எல்லாம் அவன் தலையெழுத்து" என்றார். பையனின் தாயோ, "போன ஜென்மத்தில் நான் என்ன பாவம் செய்தேனோ" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

தோழர்களே, சாவி, தலையெழுத்து, தாயின் பாவம் என்கிற இந்த மூன்றைப் பற்றித்தான் இன்றையப் பேச்சு.

முதலில் சாவி. வலிப்பு என்பது பெரும்பாலும் இரண்டொரு நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடக்கூடியது. கையில் சாவியைக் கொடுத்தாலும் நிற்கும். கத்தரிக்காயைக் கொடுத்தாலும் நிற்கும். ஒன்றும் கொடுக்காவிட்டாலும் நிற்கும். சேவல் கூவிய பிறகு பொழுது விடிகிறது என்பதற்காகச் சேவல்தான் சூரியனை இழுத்து வருகிறது என்று சொன்னால் ஒப்புக்கொள்ளுவோமா? செய்யவேண்டியது என்னவென்றால், விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். தலைக்குக் கீழே துணி வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக்கூடாது. கைகாலை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷத்துக்குமேல் நீடித்தால் தாமதமில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இவ்வளவுதான்.

நிற்க. தலையெழுத்து என்கிறார்களே, அது எங்கே எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுவோம். பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. இங்கிருந்து அடையாற்றைத் தாண்டிப் போனால் கிண்டிக் காட்டை ஒட்டி ஐ.ஐ.டி. இருக்கிறது. அங்கே சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆராய்ச்சி மையம் என்று ஒன்று 2022 முதல் நடந்து வருகிறது. அவர்கள் தாயின் வயிற்றில் 14 வாரம் முதல் 24 வாரம் வரை வளர்ந்த சிசுக்களின் மூளைகளை, மெல்லிய சீவல்களாகச் சீவி, ஒவ்வொரு சீவலையும் உயிரணு தெரியும்படி படமெடுத்து, 5,132 படங்களைச் சேர்த்து, 2024 டிசம்பரில் உலகத்துக்கு வெளியிட்டார்கள். அதற்குத் தரணி என்று பெயர். உலகத்து ஆராய்ச்சிக்காரர் எவரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். 5,132 சீவல்களில் ஒன்றிலாவது பிரம்மாவின் கையெழுத்து இருந்ததா? இல்லை. இருந்தவை உயிரணுக்கள், பிறந்து, நகர்ந்து, தத்தம் இடம் தேடிப்போய் அடுக்கடுக்காக அமர்ந்துகொண்டிருக்கும் உயிரணுக்கள்.

"எழுத்து இல்லையென்றால், அந்த அணுக்களுக்கு எங்கே போவது, யாரோடு சேருவது என்று யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?" என்று கேட்பீர்களானால், அது நியாயமான கேள்வி. இங்கேதான் உண்மையான பூட்டும் சாவியும் வருகின்றன.

வளர்ந்த மனிதனின் மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள, ஓர் அணு ஒரு ரசாயனப் பொருளைக் கக்குகிறது. அடுத்த அணு அதை ஏற்றுக்கொள்ளுகிறது. ஏற்றுக்கொள்ளும் உறுப்புக்கு ஏற்பி என்று பெயர். ஏற்பி பூட்டு, ரசாயனம் சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான சாவி நுழைந்தால்தான் பூட்டு திறக்கும். இப்படி ஒன்று இருக்கவேண்டுமென்று 1905-லேயே கேம்பிரிட்ஜில் லாங்லி என்பவர், புகையிலையிலுள்ள நிக்கோட்டினையும் அம்பில் தடவும் குராரே என்ற விஷத்தையும் தசையில் சோதித்துப் பார்த்துச் சொன்னார். அவர் பூட்டைக் கண்ணால் பார்த்தவரல்ல. சோதனை செய்து ஊகித்தவர். பின்னால் வந்தவர்கள் அதன் அமைப்பையே படம் பிடித்துவிட்டார்கள். சோதிக்கவும் முடியாத, படம் பிடிக்கவும் முடியாத தலையெழுத்தையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தப் பூட்டுகளில் இரண்டை மட்டும் சொல்லுகிறோம்.

ஒன்று காபா என்ற சாவிக்குரிய பூட்டு. பெரியவர்கள் மூளையில் இது வண்டிக்கு பிரேக் மாதிரி. இது திறந்தால் உப்பிலே இருக்கிறதே குளோரைடு, அது அணுவுக்குள் நுழைந்து அணுவை அடக்குகிறது. ஆனால் சிசுவின் மூளையில் என்ன நடக்கிறது? பென்-ஆரி என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1989-ல் எலிக்குட்டிகளில் பார்த்தபோது, அதே சாவி, அதே பூட்டு, அணுவைத் தூண்டிவிட்டது! காரணம், இளம் அணுவுக்குள் குளோரைடு முன்கூட்டியே நிறைந்திருக்கிறது; கதவு திறந்ததும் அது வெளியே ஓடுகிறது. அணு வளர்ந்தபின் அதை இறைத்து வெளியேற்றும் ஒரு பம்பு உண்டாகிறது; பிறகுதான் பிரேக் பிரேக்காகிறது. அந்த ஆரம்பகாலத் தூண்டுதலால்தான் அணுக்கள் கிளைவிட்டு ஒன்றோடொன்று இணைப்புப் போட்டுக்கொள்ளுகின்றன. 1912 முதல் வலிப்புக்குக் கொடுத்துவரும் பீனோபார்பிட்டால் என்ற மருந்து காபாப் பூட்டுக்குத் துணைசெய்வது. அது பெரியவர்களுக்குக் கேட்டும், பிறந்த குழந்தைகள் பலருக்குக் கேட்காமற் போவதற்கு இதுவும் ஒரு காரணமென்று ஆராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள்.

இரண்டாவது, குளுட்டமேட் என்ற சாவிக்குரிய பூட்டுகளில் ஒன்று, என்.எம்.டி.ஏ. ஏற்பி என்று பெயர். இது லேசில் திறக்காது. குளுட்டமேட்டும் வேண்டும், கூடவே கிளைசீன் போன்ற இன்னொரு சாவியும் வேண்டும். அதோடு துவாரத்தை அடைத்துக்கொண்டிருக்கும் மெக்னீசியமும் விலகவேண்டும். அப்படித் திறக்கும்போதுதான் இரண்டு அணுக்களின் இணைப்பு பலப்படுகிறது. குழந்தை கற்றுக்கொள்ளுவதற்கு அடிப்படை இது. இளம் மூளையில் அதிக நேரம் திறந்திருக்கும் வகை மிகுதி. வளர வளர, சீக்கிரம் மூடும் வகை அதற்கு ஈடுகொடுக்க வந்துசேருகிறது.

இந்தப் பூட்டைச் செய்யும் குறிப்பு நமது ஜீன்களில் இருக்கிறது. அந்தக் குறிப்பில் ஓர் எழுத்து பிசகினாலும் சில குழந்தைகளுக்கு வலிப்பும், பேச்சு வராமையும், வளர்ச்சித் தாமதமும் உண்டாகலாம். "அப்படியானால் அதுவும் தலையெழுத்துத்தானே?" என்பார்கள் கெட்டிக்காரர்கள். அல்ல, தோழர்களே. தலையெழுத்தைப் படிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது என்கிறார்கள். இதையோ பரிசோதனைச்சாலையில் படிக்கலாம். எந்தப் பூட்டு, எப்படிக் கெட்டது என்று தெரிந்தால் எந்த மருந்து பலிக்கும் என்று தேடலாம். இன்னொன்றைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். இந்தப் பிசகு பெரும்பாலும் தாயிடமும் இல்லாமல் தகப்பனிடமும் இல்லாமல், குழந்தையிடமே புதிதாக உண்டாவது. யாருடைய பாவமும் அல்ல. மாடவீதியில் தலையில் அடித்துக்கொண்டாரே, அந்தத் தாயைக் குற்றவாளியாக்கியது எந்த நோயுமல்ல. கர்மபலன் என்கிற கற்பனைதான்.

பாவம் என்று ஒன்று இருக்குமானால் அதை இங்கேயே, இந்த ஜென்மத்திலேயே தேடுவோம். சாராயம் என்.எம்.டி.ஏ. பூட்டை அடைக்கிறது, காபாப் பூட்டை அளவுக்கு மீறித் திறக்கிறது. கர்ப்பத்தில் அது சேர்ந்தால் சிசுவின் மூளை கெடும் என்பது 1973 முதல் வைத்திய நூல்களில் பெயரிட்டு எழுதப்பட்ட விஷயம். புகையிலையின் நிக்கோட்டினுக்கும் சிசுவின் மூளையில் பூட்டு உண்டு. கர்ப்பிணி மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து பீடி புகைக்கும் புருஷன், குழந்தைக்கு ஜாதகம் பார்க்க ஓடுவதைவிட பீடியை அணைப்பது மேல். அயோடின் குறைந்தால் தைராய்டுச் சுரப்பு குறையும். அந்தச் சுரப்புக்குரிய ஏற்பிகள் சிசுவின் மூளையில் சாவியில்லாமல் கிடக்கும். குழந்தையின் அறிவு குன்றும். இதற்குப் பரிகாரம் எந்த க்ஷேத்திரத்திலும் இல்லை. அயோடின் கலந்த உப்புப் பொட்டலத்தில் இருக்கிறது.

இனிப் பேய் விஷயம். நல்ல அறிவோடு இருந்த ஓர் இளம்பெண் திடீரென்று தூங்குவதில்லை, இல்லாத குரல் கேட்கிறது, கத்துகிறாள், வாயைக் கோணுகிறாள், வலிப்பு வருகிறது, பிறகு பேச்சடைத்துக் கிடக்கிறாள். நமது நாட்டில் இதற்கு என்ன சொல்லுவார்கள்? பேய் பிடித்துவிட்டது, வேப்பிலை கொண்டுவா, சாட்டை கொண்டுவா என்பார்கள். 2007-ல் ஜோசெப் டால்மாவ் என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் இப்படிப்பட்ட 12 பெண்களைப் பரிசோதித்தார்கள். உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழி தவறி, மூளையிலுள்ள என்.எம்.டி.ஏ. பூட்டுகளைத் தாக்குகிறது என்று கண்டார்கள். அந்தப் பெண்களில் அநேகமாக எல்லோருக்கும் சூற்பையில் ஒரு கட்டி இருந்தது. கட்டியை எடுத்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் இந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் தேறுகிறார்கள். கட்டியில்லாமலும், குழந்தைகளுக்கும் ஆண்களுக்கும்கூட இந்நோய் வருகிறது. முதுகெலும்பு நீரையும் இரத்தத்தையும் எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவுக்கு நல்லது. அப்படியிருக்க, மந்திரவாதி வாசலில் கழிக்கும் ஒவ்வொரு நாளும் அந்தப் பெண்ணின் உயிரிலிருந்து கழிகிற நாளல்லவா?

இது எல்லா மதத்துக்கும் சேர்த்தே சொல்லுகிறோம். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள், கட்டியிருந்த சங்கிலியை அவிழ்க்க முடியாமல் தீயில் வெந்து, 28 பேர் மாண்டார்கள். நோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாதென்று 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் சொல்லுகிறது. சட்டம் சங்கிலியை அறுக்கும். மூளையில் மாட்டிய நம்பிக்கையை நாம்தான் அறுக்கவேண்டும்.

சட்டத்தையும் பாருங்கள். இந்து விவாகச் சட்டத்தில், அடிக்கடி வலிப்பு வருகிறவர்கள் கலியாணத்துக்குத் தகுதியில்லாதவர்கள் என்று ஒரு வாசகம் 1999 வரை இருந்தது. அதை அந்த வருஷம் எடுத்துவிட்டார்கள். ஆனால், தியாகராய நகரில் கலியாணப் புடவை எடுக்கப்போகும் வீட்டார் பெண்ணின் மாத்திரையை ஒளித்து வைக்கச் சொல்லுகிற வழக்கம் போய்விட்டதா? மாத்திரையை ஒளித்து, வேளை தப்பி, வலிப்பு வந்து, பிறகு வாழாவெட்டி என்று திருப்பி அனுப்பினால், இது யார் எழுதிய எழுத்து? உலகத்தில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியான வைத்தியம் கிடைத்தால் நூற்றுக்கு 70 பேர்வரை வலிப்பில்லாமல் வாழலாமென்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. ஒளிக்க வேண்டிய வியாதி அல்ல இது. மாத்திரை சாப்பிடும் பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு, தேவையானால் மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும், தாமாக நிறுத்திவிடக்கூடாது.

"விஞ்ஞானத்துக்கு எல்லாம் தெரிந்துவிட்டதா?" என்று கேட்பார்கள். தெரியவில்லை. மருந்துக்கு அடங்காத வலிப்பு இருக்கிறது. திருத்தமுடியாத பிசகு இருக்கிறது. அத்தகைய குழந்தைகளுக்கு வேண்டியது பயிற்சி, பள்ளிக்கூடம், மரியாதை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி மேலே தேடுகிறவன் விஞ்ஞானி. தெரியாததற்குக் கடவுள் என்று பெயர் வைத்துத் தட்சணை வாங்குகிறவன் யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆகையால் தோழர்களே! நாளை உங்கள் தெருவில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் சாவிக்கொத்து இடுப்பிலேயே இருக்கட்டும். அவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், டாக்டரிடம் அனுப்புங்கள். அவருடைய தாயிடம், "அம்மா, இது உன் பாவம் அல்ல" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இதை இங்கே வராத பத்துப் பேருக்காவது எடுத்துச் சொல்ல வேண்டுமென்று கேட்டுக்கொண்டு, இத்துடன் நமது பேச்சை முடித்துக்கொள்ளுகிறோம்.