திடீர்த் தலைவலியும் ஒரு சிறு கிளிப்பும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

1976-77-ல் இங்கே புகுமுக வகுப்புப் படித்தவன் நான். விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் தவளையின் மூளையைச் சிதைக்காமல் எடுக்கத் தெரியாமல் மூன்று முறை திட்டு வாங்கியவன். அதே ஆள் பிற்பாடு முப்பது வருஷத்துக்கு மேல் மனிதர்களின் மூளையைத் திறந்து வேலை பார்த்தான் என்றால், என் ஆசிரியர் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

செயலாளர், "எல்லாருக்கும் புரியற மாதிரி ஏதாவது பேசுங்க டாக்டர்" என்றார். நான் எடுத்துக்கொண்டது மூளையில் ரத்தக்குழாய்க் குமிழ் வெடிப்பது பற்றி. அதை ஸ்ரீரங்கத்தில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

1982 மார்கழி. தஞ்சாவூரில் ஹவுஸ் சர்ஜன். வைகுண்ட ஏகாதசிக்காக உத்தர வீதியில் அத்தை வீட்டுக்கு வந்திருந்தேன். அத்தைக்கு 52 வயது. ஏகாதசியன்று முழுப் பட்டினி, ராத்திரி கண் விழிப்பு. துவாதசி விடியற்காலை பாரணைக்கு அகத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், "அம்மா" என்று தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். இரண்டு தடவை வாந்தி. "தலைக்குள்ள யாரோ சம்மட்டியால ஒரே போடா போட்டாப்பல இருக்குடா" என்றாள். ஸ்டெத் வாங்கிய பெருமையில் இருந்த நான் நாடி பார்த்தேன், ரத்த அழுத்தம் பார்த்தேன். கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். "கழுத்தைக் குனிய முடியலைடா" என்றதற்கு, "கிணத்துல தண்ணி சேந்தினதால இருக்கும். பட்டினியும் தூக்கமில்லாததும்தான் அத்தை, படுத்துக்கோங்கோ" என்று ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன்.

ஆறாம் நாள் மறுபடி அதே வலி. இந்தத் தடவை நினைவே திரும்பவில்லை. டாக்சியில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போதே மூச்சு நின்றுவிட்டது. 'மாரடைப்பு' என்று எழுதிக் கொடுத்தார்கள். ஸ்கேனும் இல்லை, பிரேதப் பரிசோதனையும் இல்லை. நானும் மாரடைப்பு என்றே நம்பினேன். நரம்பியல் அறுவைச் சிகிச்சை படிக்கப் போனபோது, ஒரு ராத்திரி புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். திடீர்த் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, சில நாளில் இரண்டாவது ரத்தக்கசிவு... வரிக்கு வரி அத்தை. அன்றைக்கு மேலே படிக்க முடியவில்லை.

அந்தக் குமிழ் என்பது என்ன? நம் காலத்துச் சைக்கிள்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். டயரில் கிழிசல் விழுந்த இடத்தில் ட்யூப் பிதுங்கி நிற்குமே, அதுதான். மூளையின் அடிப்பக்கத்தில் ரத்தக்குழாய்கள் கிளை பிரியும் முனைகளில் சுவர் பலவீனமாகிப் பிதுங்குகிறது. அனூரிஸம் என்பார்கள். பெரியவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இருக்கலாம் என்கிறது கணக்கு. பயப்பட வேண்டாம், பெரும்பாலானவை கடைசிவரை வெடிக்காமலே போகும். வெடித்தால்தான் வினை. பத்தில் ஒன்றிரண்டு பேர் மருத்துவமனை வாசலையே பார்ப்பதில்லை. முதல் கசிவில் பிழைத்தவருக்கு அடுத்த 24 மணி நேரத்தில்தான் மறுபடி கசியும் ஆபத்து மிக அதிகம். அத்தைக்கு ஆறு நாள் அவகாசம் கிடைத்ததே பெரிய தயவு. அதை நான் வீணாக்கினேன்.

சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் சென்னைப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். அதற்கு முந்தைய வருஷம்தான் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியிருந்தார். இந்தியாவில் இந்தக் குமிழ் எவ்வளவு பேருக்குக் காணப்படுகிறது என்று ராமமூர்த்தி 1969-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மேல்நாட்டோடு ஒப்பிட்டால் இங்கே மருத்துவமனைக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. 'நம்மவர்களுக்கு இது அபூர்வம்' என்ற எண்ணம் ரொம்ப நாள் நிலவியது. பிறகு சி.டி. ஸ்கேன் ஊர் ஊராக வந்தது, எண்ணிக்கையும் கூடியது. என் அபிப்பிராயம் இதுதான்: அந்தக் காலத்துக் கணக்கில் சேராமல் போனவர்கள் திண்ணையிலும் கொல்லைப்புறத்திலும் மாரடைப்பு, வாயு, காத்துக் கருப்பு என்ற பேரில் போய்ச் சேர்ந்தவர்கள். என் அத்தையும் அந்தக் கணக்கில் இல்லை.

சிகிச்சையின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1927-ல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் மூளை ரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் தெரிய வைத்தார். 1937-ல் அமெரிக்காவில் வால்ட்டர் டேன்டி மண்டையைத் திறந்து குமிழின் கழுத்தில் ஒரு வெள்ளிக் கிளிப்பை மாட்டினார். 1967 முதல் ஜூரிக்கில் யாசர்கில் நுண்நோக்கியை வைத்து இந்த அறுவையையே புதிதாக்கினார். நாங்களெல்லாம் அந்தப் பரம்பரையில் வந்த கிளிப்காரர்கள். துணி காயப்போடும் கிளிப் மாதிரியேதான், ஸ்பிரிங் வைத்தது. ஆனால் சுண்டுவிரல் நகத்தளவு.

1990-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் குக்லியெல்மி என்ற இத்தாலியர் வேறு வழி கண்டார். தொடை இடுக்கில் ஒரு மெல்லிய குழாயை நுழைத்து, ரத்தக்குழாய் வழியாகவே மூளைக்குப் போய், குமிழுக்குள் தலைமுடி போன்ற பிளாட்டினக் கம்பியைச் சுருட்டி அடைத்துவிடுவது. இதற்குக் காயில் என்று பெயர். "மண்டையைத் திறக்காம என்னய்யா வைத்தியம்?" என்று நானே கேலி பேசியிருக்கிறேன். 2002-ல் 2143 நோயாளிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு வெளியானது. ஒரு வருஷம் கழித்துப் பார்க்கையில், இறந்தவர்களும் பிறரை நம்பி வாழ வேண்டியவர்களும் காயில் போட்டவர்களில் நூற்றுக்கு 24 பேர், கிளிப் போட்டவர்களில் 31 பேர். எனக்கு ரோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எண்ணோடு சண்டை போட முடியுமா? என் இளைய சகாக்களைக் காயில் படிக்கச் சொல்லி அனுப்பினேன். இன்னொன்றும் உண்டு, காயில் போட்டதைத் திரும்பச் சரிசெய்ய வேண்டிய அவசியம் கொஞ்சம் கூடுதல். சில இடத்துக் குமிழுக்கும், பெரிய ரத்தக்கட்டி சேர்ந்துவிட்டாலும் கிளிப்தான் கைகொடுக்கும்.

அப்படி வந்தவர்தான் 2016-ல் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய ஒருவர். 41 வயது. நாளைக்கு இரண்டு கட்டு பீடி. விடியற்காலை வெங்காய மூட்டையை இறக்கும்போது விழுந்தார். கூட இருந்தவர்கள் சோடா கொடுத்து, தலைவலி மாத்திரை வாங்கித் தந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இருந்தது இந்தக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்த மகள். "அப்பாவோட இடது கண் இமை இறங்கியிருக்கு, பேச்சு குழறுது, இது சாதாரணத் தலைவலி இல்லை" என்று அடம்பிடித்து 108-க்குப் போன் செய்தாள். நோவு தொடங்கி நாலு மணி நேரத்தில் சி.டி. எடுத்தோம். முதல் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால் ஏறக்குறைய எல்லாக் கசிவையும் அது காட்டிக் கொடுத்துவிடும். தாமதமாக வருகிறவர்களுக்கு ஸ்கேனில் தெரியாவிட்டால் முதுகில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இடது பக்கம், ரத்தக்கட்டியோடு. காப்பீட்டு அட்டை இருந்ததால் பணத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. மூளையின் இரண்டு மடல்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தை நுண்நோக்கியில் மெல்லப் பிரித்துக்கொண்டு போனோம். கழுத்துத் தெரிந்த சமயத்தில் அது மறுபடி வெடித்தது. பார்வை முழுக்கச் சிவப்பு. இடது கையில் ரத்தம் உறிஞ்சும் குழாய், வலது கையில் தற்காலிகக் கிளிப். குழாயை அடைத்து வைக்கலாம், ஆனால் சில நிமிஷம்தான். மயக்க மருந்து டாக்டர் நிமிஷம் நிமிஷமாகச் சத்தமாக எண்ணினார். நாலாவது நிமிஷத்தில் நிரந்தரக் கிளிப் உட்கார்ந்தது. அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கனவில் வரும்.

முடிந்தது என்று நினைத்தால் ஏழாம் நாள் மனிதர் பேச்சை நிறுத்திவிட்டார், வலது கை துவண்டது. வெளியே கசிந்த ரத்தம் செய்கிற வேலை இது. நாலாம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ரத்தக்குழாய்கள் இறுகிச் சுருங்கும். ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்துத் தாக்குப்பிடித்தோம். நிமோடிபின் மாத்திரை நாலு மணிக்கு ஒரு தடவை, 21 நாள், ராத்திரியும் விடக்கூடாது. அந்தப் பெண் செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்து, நர்ஸம்மாவுக்கு முன்னால் வந்து நிற்பாள். அவளுக்கு அந்தப் பருவத் தேர்வு போயிற்று.

அவர் பிழைத்தார். மூட்டை தூக்குவதில்லை, மண்டியில் கணக்குப் பார்க்கிறார். பெயர்கள் மட்டும் சரியாக நிற்பதில்லை. என்னை இன்றுவரை "கம்பவுண்டர் சார்" என்றுதான் கூப்பிடுகிறார். வருஷத்துக்கு ஒரு முறை சின்ன வெங்காயம் ஒரு பை வருகிறது.

"எனக்கும் ஸ்கேன் எடுக்கணுமா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள். பெற்றோர், உடன்பிறந்தோரில் இரண்டு பேருக்கு இருந்தால் எடுத்துப் பார்ப்பது நல்லது. ஒருவர் மட்டும் என்றால் பொதுவாக அவசியமில்லை என்றேன். ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பீடி, சிகரெட் பற்றி அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போகும் தலைவலி, இதுவரை வராத மாதிரி வலி, வாந்தி, மயக்கம், கழுத்து விறைப்பு, இமை இறங்குவது, இதில் எது வந்தாலும் மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். முக்கியமாக ஆஸ்பிரின் வேண்டாம்.

போன வருஷம் அத்தையின் மகள் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள். எல்லாவற்றையும் அவளிடம் முதல் தடவையாகச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னிக்கே நீ கண்டுபிடிச்சிருந்தா அம்மா பொழச்சிருப்பாளாடா?" என்று கேட்டாள். 1982-ல் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் படுக்க வைத்து ராத்திரி முழுக்கப் பிரயாணம் செய்து மெட்ராஸ் போயிருக்க வேண்டும். வழியிலேயே வெடித்திருக்கலாம். போய்ச் சேர்ந்தும் இருக்கலாம். ராமமூர்த்தி சார் தொடங்கிய அந்தத் துறை அங்கே அப்போதே நன்றாக நடந்துகொண்டிருந்தது. "தெரியலை. ஆனா ஒரு சான்ஸ் இருந்துது" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "காபி ஆறிடுத்து, வேற கலந்து தரேன்" என்று எழுந்து உள்ளே போனாள்.