யாருக்கு இந்தச் சகோதரத்துவம்?

(தொழிலாளர் படிப்பகக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



அமெரிக்கக் கலாசாலைகளில் நீண்ட காலமாக நடந்துவரும் ஒரு விவாதத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம். ஆலையில் ஷிப்டு பார்க்கிற நமக்கும், நடவுக்கும் அறுப்புக்கும் போகிற நமக்கும் அந்த ஊர்க் கலாசாலையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். சங்கம் என்றால் என்ன, அதன் கதவு யாருக்குத் திறக்க வேண்டும் என்பதுதான் அந்த விவாதம். நாம் சங்கம் கட்டிப் பழகியவர்கள். ஆகவே அதில் கருத்துச் சொல்ல நமக்குத் தகுதி உண்டு.

அங்கே ஆண் மாணவர்களுக்குப் 'பிரட்டர்னிட்டி', பெண் மாணவர்களுக்குச் 'சொராரிட்டி' என்று சங்கங்கள் இருக்கின்றன. சகோதரர் சங்கம், சகோதரியர் சங்கம் என்று பொருள். கிரேக்க எழுத்துக்கள் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பெயர் வைத்துக்கொள்வார்கள். 1825-ல் நியூயார்க் மாநிலத்தில், யூனியன் கலாசாலையில் தோன்றிய கப்பா ஆல்பா சங்கம் இவற்றுக்கு முன்னோடி.

இச்சங்கங்கள் பலவற்றுக்குப் பெரிய மாளிகைகள் உண்டு. அங்கத்தினர்கள் அங்கேயே தங்குவார்கள், உண்பார்கள். சந்தா கட்டத் தயார் என்று சொன்னால் மட்டும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் கூடிப் பேசி, யார் வேண்டும், யார் வேண்டாம் என்று தீர்மானிப்பார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

படிப்பு முடிந்த பிறகும் உறவு அறுவதில்லை. வங்கியிலும் கம்பெனியிலும் அரசியலிலும் மேலே ஏறிவிட்டவர் கீழே இருக்கும் 'சகோதரனுக்கு'க் கை கொடுப்பார். இச்சங்கங்களுக்கு நெருங்கிய உறவான ஒன்றைப் பாருங்கள். 2004 ஜனாதிபதித் தேர்தலில் எதிரும் புதிருமாக நின்ற புஷ், கெர்ரி இருவருமே யேல் சர்வகலாசாலையின் 'மண்டையோடும் எலும்பும்' என்ற ஒரே இரகசியச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள்! பதினெட்டு வயதில் திறக்கிற கதவு எதுவரை கொண்டுபோய் விடுகிறது, பார்த்தீர்களா?

வெளியே நின்றவன் போட்ட சட்டம்

இந்தக் கதவை உடைக்க முயன்றவர்களும் உண்டு. மிசிசிப்பி மாநிலச் சர்வகலாசாலையில் லீ ரஸ்ஸல் என்று ஒரு மாணவர். நாட்டுப்புறத்திலிருந்து வந்தவர், வசதியில்லாதவர். சங்கத்தார் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் சட்டசபைக்குப் போனார். அவர் முன்னின்று 1912-ல், மாநிலச் சர்க்கார் பணத்தில் நடக்கும் கலாசாலைகளில் இச்சங்கங்கள் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. தடை செய்ய மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 1915-ல் தீர்ப்பாயிற்று.

ஏழையின் வெற்றி என்று நாம் கைதட்டலாமா? கொஞ்சம் பொறுங்கள். 1926-ல் அச்சட்டம் ரத்தாகிவிட்டது. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. சட்டம் அமுலில் இருந்த காலம் முழுவதும் அந்தச் சர்வகலாசாலையில் ஒரு கறுப்பின மாணவர்கூடச் சேர முடியாது. 1962-ல் ஜேம்ஸ் மெரிடித் உள்ளே கால் வைத்தபோது கலகம் மூண்டது. இரண்டு உயிர் போயிற்று. பட்டாளம் வர வேண்டியிருந்தது. மாளிகைக் கதவை இடித்தவர்கள் கலாசாலையின் வெளிக்கதவைப் பூட்டியே வைத்திருந்தார்கள்! தன் மேல் ஏறியவனை எதிர்த்துக்கொண்டே, தனக்குக் கீழே ஒருவனை மிதிக்கிற சமத்துவம் சமத்துவமாகுமா? சேரியையும் ஊரையும் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நிறத்தால் ஒரு சுவர்

கறுப்பின மாணவர்கள் என்ன செய்தார்கள்? தாங்களே சங்கம் கண்டார்கள். 1906-ல் கார்னெல் சர்வகலாசாலையில் ஆல்பா பை ஆல்பா. 1908-ல் ஹோவர்டு சர்வகலாசாலையில் பெண்களின் ஆல்பா கப்பா ஆல்பா. மார்ட்டின் லூதர் கிங் முன்னதன் அங்கத்தினர். ஒதுக்கப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கட்டிய சங்கங்கள் இவை. ஒதுக்குவதற்காகக் கட்டியதையும் இதையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

வெள்ளை மாணவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி என்றும் எண்ண வேண்டாம். 1948-ல் ஆம்ஹர்ஸ்ட் கலாசாலையில் பை கப்பா சை சங்கத்தின் கிளை ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்டது. தலைமை ஸ்தாபனம் அக்கிளையை விலக்கியது. மாணவர்கள் பணியவில்லை, தனிச் சங்கமாகவே நின்றார்கள். நியூயார்க் மாநிலச் சர்வகலாசாலை 1953-ல், தேசியத் தலைமையோடு இணைந்த சங்கங்களும், இன மத பேதம் பார்க்கும் சங்கங்களும் தன் வளாகத்தில் கூடாது என்று உத்தரவிட்டது. ஆனாலும் நோய் தீரவில்லை. 2015-ல் ஓக்லஹோமாவில் ஒரு சங்கத்தார் பஸ்ஸில் கறுப்பின மக்களை இழிவாகப் பாடிய படம் வெளியாயிற்று. அந்தக் கிளை மூடப்பட்டது.

சாவில் முடியும் சடங்கு

புதிதாகச் சேர்பவனைச் 'சோதிப்பது' என்று ஒரு வழக்கம். அடிப்பதும், அவமானப்படுத்துவதும், மூச்சுமுட்டக் குடிக்க வைப்பதும்தான் சோதனை! 2017-ல் பென்சில்வேனியா மாநிலச் சர்வகலாசாலையில் பத்தொன்பது வயது மாணவன் ஒருவன் இப்படிக் குடிக்க வைக்கப்பட்டு, படியில் உருண்டு விழுந்தான். ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் உதவிக்கு ஆள் அழைக்கவில்லை. பிள்ளை செத்துப்போனான். சகோதரன் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டவர்கள், சங்கத்தின் பெயர் கெடுமே என்று பார்த்தார்களே தவிர, சகோதரனின் உயிரைப் பார்க்கவில்லை.

இது அந்நிய நாட்டுச் சங்கதி மட்டுமல்ல. 1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்டதும், 1997-ல் தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்ததும் நாம் அறிந்ததே. அமெரிக்காவில் 2024 டிசம்பரில்தான், இக்கொடுமைகளின் கணக்கைக் கலாசாலைகள் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்று மத்தியச் சட்டம் வந்தது.

கலைப்பதா? திருத்துவதா?

கலைத்துவிடு என்கிறார்கள் ஒரு சாரார். வில்லியம்ஸ் கலாசாலை 1960-களில் அந்த வழியில் இறங்கியது. ஆம்ஹர்ஸ்ட் 1984-ல் கைகழுவியது. வேண்டாம், திருத்து என்கிறார்கள் மற்றொரு சாரார். வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு நட்பும் துணையும் கிடைக்கிறது, தர்மகாரியங்களுக்கு நிதி திரட்டுகிறார்கள், சிலரின் குற்றத்துக்கு எல்லோரையும் தண்டிக்கலாமா, கூடும் உரிமையைப் பறிக்கலாமா என்று கேட்கிறார்கள்.

கடைசிக் கேள்வியை நாம் இலேசாக ஒதுக்க முடியாது. சங்கம் வைத்ததற்காகவே அடிபட்டும் சிறை சென்றும் வந்தது உழைப்பாளி வர்க்கம். மேலேயிருந்து ஒரு சங்கத்தைக் கலைக்கும் கோல், நாளை நம் சங்கத்தின் மேலும் விழும். ஆகவே கூடும் உரிமை வேறு, சலுகை வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

மாணவர்கள் கூடட்டும், பாடட்டும், நண்பர்களாக இருக்கட்டும். ஆனால் கலாசாலையின் நிலமும் வசதியும் பெயரும் வேண்டுமானால், நிறம் பார்த்தும் பணம் பார்த்தும் ஆள் பொறுக்கக் கூடாது. சடங்கின் பெயரால் உடம்பில் கை வைத்தால் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கலாசாலையே எல்லா மாணவருக்கும் நல்ல விடுதியும் சாப்பாடும் கொடுக்க வேண்டும். தங்க இடமும் துணையும் பொதுவில் கிடைத்தால் மாளிகை வாசலில் கைகட்டி நிற்பவன் யார்?

நம் ஆலைச் சங்கத்தில் வேலை செய்கிற எவனும் அங்கத்தினன் ஆகலாம். அவன் தகப்பன் யார் என்று கேட்பதில்லை. அவனைச் சோதிக்க அடிப்பதில்லை. பக்கத்துத் தறிக்காரனுக்கு ஆபத்து என்றால் மிஷினை நிறுத்திவிட்டு ஓடுகிறோம். பத்தொன்பது வயதுப் பிள்ளை படியடியில் கிடந்த அந்த மாளிகையில் அப்படி ஓடிவர ஒருவரும் இல்லை. சகோதரத்துவம் என்ற பெயர் எதற்குப் பொருந்தும் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள், தோழர்களே!