கர்ப்பிணிக்கு ஒரு துணை



திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கோயிலின் தலபுராணத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நிறைமாதக் கர்ப்பிணி இரத்தினாவதி. பேறுகாலத்துக்கு உடனிருக்கப் புறப்பட்டு வந்த அவள் அம்மா, காவிரியில் வெள்ளம் வந்ததால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இக்கரையில் மகளுக்கு வலி கண்டுவிட்டது. சிவபெருமானே அந்த அம்மாவின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்கிறது புராணம். சுகப்பிரசவம் வேண்டி இன்றும் அங்கே வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள்.

தவிக்கும் பெண்ணுக்குக் கடவுள் செய்த அருள், பக்கத்தில் வந்து இருந்ததுதான். கர்ப்பகால மன அமைதி பற்றி நான் சொல்ல வந்ததும் அதையே.

ஸ்கேனில் என்ன சொல்வார்களோ, ஆபரேஷன் ஆகிவிடுமோ, செலவுக்கு என்ன வழி, பெண் பிறந்தால் வீட்டில் என்ன பேசுவார்களோ என்று கர்ப்பிணியின் மனதில் ஆயிரம் கவலைகள். போதாக்குறைக்கு, "நீ கவலைப்பட்டா குழந்தைக்கு ஆகாது" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். கவலைப்படுகிறோமே என்பதே அவளுக்கு இன்னொரு கவலையாகிவிடுகிறது.

தாய்மார்களே, அன்றாடக் கவலைக்காகக் குற்ற உணர்வு வேண்டாம். மன அழுத்தத்தில் கார்டிசோல் என்ற ஹார்மோன் உடலில் கூடும். நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி அதில் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்துவிட்டுத்தான் குழந்தையிடம் விடுகிறது. ஆனால் மாதக்கணக்கில் நீடிக்கும் கடும் அழுத்தம் வேறு. குறைமாதப் பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தை பிறப்பதற்கும் அதோடு தொடர்பு உண்டு.

இனி, வயிற்றுக்குள் வளரும் உறவைப் பார்ப்போம். முதல் பிரசவம் என்றால், பெரும்பாலும் 18 முதல் 20 வாரங்களில் குழந்தையின் அசைவு தெரியத் தொடங்கும். ஏழாம் மாதவாக்கில் குழந்தை ஒலிகளுக்கு அசைந்து கொடுக்கும். 1986-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டிகாஸ்பரும் ஸ்பென்ஸும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் கடைசி 6 வாரங்கள், தாய்மார்கள் தினமும் இரண்டு முறை ஒரே கதையை உரக்கப் படித்தார்கள். பிறந்த குழந்தையின் வாயில் ரப்பர் காம்பு ஒன்றை வைத்து, அது சப்பும் விதத்துக்கு ஏற்ப அந்தக் கதையோ புதிய கதையோ ஒலிக்கும்படி செய்தார்கள். வயிற்றிலிருந்தபோது கேட்ட கதை ஒலிக்கும் விதமாகவே குழந்தைகள் சப்பின. வேறொரு பெண்ணின் குரலில் ஒலித்தபோதும் அப்படித்தான்!

ஆகவே தாராளமாகப் பேசுங்கள். விளக்கேற்றிப் பாடுபவர்கள் வாய்விட்டுப் பாடுங்கள். ஜெபமாலை உருட்டுபவர்கள், குர்ஆன் ஓதுபவர்கள், குழந்தைக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொல்லுங்கள். நிதானமாகச் சொல்லச் சொல்ல மூச்சு சீராகும், மனமும் அடங்கும். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள், வயிற்றில் கைவைத்து அன்றைய சேதியைச் சொன்னாலும் போதும். சிலருக்குப் பாசம் உடனே சுரக்காது. அசைவு தெரிந்த பிறகு, ஏன், குழந்தையைக் கையில் வாங்கிய பிறகுகூட வரலாம். அதில் தவறேதும் இல்லை.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை என்று நீடித்தால், அதை மனசு சரியில்லை என்று விட்டுவிடாதீர்கள். வளரும் நாடுகளில் நூறு கர்ப்பிணிகளில் ஏறக்குறைய 16 பேருக்கு மனச்சோர்வு போன்ற பாதிப்பு வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். கோயிலுக்கு நேர்ந்துகொள்வதும் மருத்துவரைப் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏழாம் மாதம் வளைகாப்பில் இரண்டு கையும் நிறைய வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சோறு கட்டி, ஊரே கூடி வாழ்த்துகிறோம். மறுநாள் அவள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பிரசவ நேரத்தில் ஒருவர் விடாமல் உடனிருந்தால் வலிநேரம் குறைகிறது, சுகப்பிரசவம் கூடுகிறது என்று தெரிந்தது. அந்தத் துணையைப் பிரசவ அறையில் மட்டும் கொடுத்தால் போதாது. கணவர்மார்களே, பரிசோதனைக்குக் கூடவே போங்கள். மாமியார்மார்களே, ஆணா பெண்ணா என்ற பேச்சை விட்டுவிட்டு, "நீ எப்படிம்மா இருக்கே?" என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்து கேளுங்கள்.