வானத்தைக் கணக்கிட்ட கூட்டுவேலை

பஞ்சைக் கையிலெடுத்துச் சோதிக்கலாம். நட்சத்திர மண்டலத்தை அப்படிச் சோதிக்க முடியுமா? முடியாது. ஆகவே விஞ்ஞானிகள் கணிப்பொறிக்குள்ளேயே ஒரு வானத்தை அமைத்தார்கள்.

ஜெர்மனியில், மாக்ஸ் பிளாங்க் கழகத்தின் கணிப்பொறி மையத்தில் நடந்த இந்த ஆராய்ச்சி 2005-ல் வெளியாயிற்று. கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருளை 1000 கோடித் துகள்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு துகளும் சுமார் 100 கோடி சூரியன்களின் எடை! ஒவ்வொன்றும் மற்றெல்லாவற்றையும் ஈர்க்கும்.

கணக்குப் போடும் செயலி ஒன்றே ஒன்று இருந்தால் 40 ஆண்டுகள் பிடித்திருக்கும். 512 செயலிகள் வேலையைப் பங்கிட்டு, விடைகளைப் பரிமாறிக்கொண்டு, 28 நாட்களில் முடித்தன. துகள்கள் வலைபோல் திரண்டன. தொலைநோக்கி காட்டும் வானத்திலும் மண்டலங்கள் வலைபோலவே பரவியிருக்கின்றன!

விடைகளைப் பூட்டி வைக்கவில்லை. உலக ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

வானம் மாயமல்ல, தோழர்களே! அது விதிகளின்படி இயங்குகிறது. அவ்விதிகளை மனிதன் அறிய முடியும்!