அச்சத்தை விலைக்கு வாங்காதிருப்போம்



நம் தோட்டங்களில் மரண சகாய நிதி நெடுங்காலமாக நடந்து வந்திருப்பதை நாம் அறிவோம். பலர் மாதந்தோறும் சிறு தொகை செலுத்துவர். துக்கம் நேர்ந்த வீட்டுக்கு அது கைகொடுக்கும். காப்புறுதியின் அடிப்படையும் இதுவே. ஆயினும், இந்தப் பரஸ்பர உதவி பெரும் வணிகமாக மாறும்போது என்ன நேரும் என்பதற்கு அமெரிக்க நாட்டின் வரலாறு தக்க சான்றாகும். அதனையே இன்று உங்கள் முன் வைக்க விழைகிறோம்.

அமெரிக்காவில் உழைப்பாளர் குடும்பங்களுள் பெரும்பாலானவை முதலாளிகளின் வழியாகவே தனியார் காப்புறுதி பெறுகின்றன. வேலை போனால் பெரும்பாலும் அதுவும் போய்விடும். தாமாகச் சேர முனைவோருள் நீரிழிவு, இருதய நோய் போன்றவை உடையோரைப் பல நிறுவனங்கள் 2014-ஆம் ஆண்டுக்கு முன்னர் ஏற்க மறுத்து வந்தன. நலமுள்ளவரை மட்டும் சேர்த்தால் இலாபம் மிகும் அல்லவா?

1993 செப்டம்பரில் அதிபர் பில் கிளிண்டன் குடிமக்கள் அனைவருக்கும் மருத்துவக் காப்புறுதி கிடைக்கும் திட்டமொன்றை அறிவித்தார். தொழிலாளரின் சந்தாவில் பெரும்பங்கை முதலாளி செலுத்த வேண்டும். நோயைக் காட்டி எவரையும் தள்ளலாகாது. சந்தா உயர்வுக்கு வரம்பு உண்டு என்பன அதன் கூறுகள்.

காப்புறுதி நிறுவனங்களின் சங்கம் இதனை எதிர்த்து, ஒரு கோடி டாலருக்கும் மேல் செலவிட்டுத் தொலைக்காட்சி விளம்பரங்களை வெளியிட்டது. ஹேரி, லூயிஸ் என்னும் தம்பதியர் சமையலறை மேசையில் அமர்ந்து, அதிகாரிகள் வகுத்த சில திட்டங்களுள் ஒன்றையே ஏற்க நேருமோ என்று கவலையுறுவர். பார்த்தவர்க்குத் தம் வீட்டுப் பேச்சைக் கேட்பது போலவே இருந்தது. மசோதாவோ 1,300 பக்கங்களுக்கு மேற்பட்டது; சாதாரண மக்களுக்கு விளங்கவில்லை. விளங்காத இடத்தில் அச்சம் எளிதில் குடியேறிற்று. 1994 செப்டம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

பின்னர் 2009-ஆம் ஆண்டில் அதிபர் பராக் ஒபாமா சீர்திருத்தத்தை மீண்டும் தொடங்கினார். அப்போது அதே நடிகர் இருவரும் சீர்திருத்தம் வேண்டும் என்று புதிய விளம்பரத்தில் பேசினர். இம்முறை அதற்குப் பணம் தந்தோருள் மருந்து நிறுவனங்களின் சங்கமும் ஒன்று. பணம் கொடுத்தவர் மாறினார், பேச்சும் மாறிற்று.

காப்புறுதி நிறுவனங்களும் வெளியே ஒத்துழைப்பதாகவே கூறின. ஆனால் அவற்றின் சங்கம் 8 கோடியே 60 இலட்சம் டாலருக்கு மேல் நாட்டின் வர்த்தகச் சபைக்கு வழங்கியதும், அச்சபை சீர்திருத்தத்தை எதிர்த்து விளம்பரம் செய்ததும் 2010-ஆம் ஆண்டிலேயே வெளிச்சத்துக்கு வந்தன.

நிறுவனங்களின் வாதம் முற்றும் பொய்யன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். நோய் வந்த பின்னரே எல்லாரும் சேர்வார்களாயின் எந்த நிதியும் நிலைக்காது. நம் சகாய நிதிக்கும் இது பொருந்தும். எனவேதான் 2010 மார்ச்சில் நிறைவேறிய சட்டம், நோயாளியைத் தள்ளலாகாது என்றதோடு, அனைவரும் காப்புறுதி பெற வேண்டும் என்றும் விதித்தது. பெறாதவர்க்கான அபராதம் 2019 முதல் இல்லாமற் போயிற்று. நோயாளியைத் தள்ளலாகாது என்னும் விதியோ நிலைத்தது. காப்புறுதி இல்லாதோர் தொகை 2010-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4 கோடியே 80 இலட்சமாக இருந்தது. 2016-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சமாகக் குறைந்தது.

அன்பர்களே, இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை எளியது. நம் உடல்நலத்தைப் பற்றி யார் வந்து பேசினாலும், அந்தப் பேச்சுக்குப் பணம் தருபவர் யார் என்று முதலில் கேட்போம். காப்புறுதிப் பத்திரத்தில் கையொப்பமிடுமுன், முன்பே உள்ள நோய்க்கு இழப்பீடு உண்டா, எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், சந்தா எப்போது உயரும் என்று வினவுவோம். படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகளைக் கொண்டு வரி வரியாகப் படிக்கச் செய்வோம். உள்ள நோயை மறைக்காமல் எழுதுவோம்.

அறிந்து அஞ்சுவது விவேகம். பிறர் விற்கும் அச்சத்தை வாங்குவது நட்டம். அந்த நட்டம் நம் வீட்டு நோயாளியின் தலையிலேயே விடியும்.