விருந்தும் பத்தியமும்

வந்தவர்க்கு உணவளித்து மகிழ்தல் நம் நாட்டில் நெடுங்காலமாகப் போற்றப்பட்டு வரும் அறமாகும். திருக்குறளில் விருந்தோம்பல் 9-ஆம் அதிகாரம். மருந்து 95-ஆம் அதிகாரம். முன்னது பிறரை உண்பிக்கும் சிறப்பைப் பேசுவது. பின்னது உடலுக்கு ஒத்ததை அறிந்து அளவோடு உண்ணும் தெளிவைப் பேசுவது. பல்லாண்டுகள் ஆசிரியப் பணி புரிந்த நான் இவ்விரண்டையும் வகுப்பில் தனித்தனியே நடத்தியிருக்கிறேன். இவ்விரண்டும் ஒரே இலையில் வந்து கூடினால் வீட்டுக்குரியவன் என்ன செய்தல் வேண்டும் என்ற கேள்வி மட்டும் எனக்குத் தோன்றியதேயில்லை. அக்கேள்வியை எழுப்பியவள் என் தங்கையின் மகள். அவளிடம் நான் கற்ற பாடத்தையே இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன்.

என் மகளின் திருமணம் உறுதியானதும் முதல் அழைப்பைத் தங்கை வீட்டில் கொடுக்கச் சென்றேன். கல்லூரியில் படிக்கும் அப்பெண் அழைப்பிதழைக் கையில் வாங்கிக்கொண்டாள். சிறிது நேரம் பேசாதிருந்து, "மாமா, முகூர்த்தத்திற்குக் கட்டாயம் வருவேன். ஆனால் பந்தி தொடங்குவதற்கு முன் போய்விடுவேன். நீங்கள் தவறாக நினைக்கக் கூடாது" என்றாள். எனக்குச் சினம் வந்தது. ஒரே தொட்டிலில் வளர்ந்தவர்கள்போல் வளர்ந்த இரு பெண்களில் ஒருத்தியின் திருமணத்தில் மற்றொருத்தி உண்ணாமற் போவதா? அவள் உள்ளே சென்றபின் தங்கையிடம் காரணம் கேட்டேன். தங்கை சொன்ன விடை என் சினத்தை நாணமாக மாற்றிற்று.

அப்பெண்ணுக்குச் சீலியாக் என்னும் நோய் இருப்பதை நான் அறிவேன். பள்ளியில் 9-ஆம் வகுப்புப் படித்தபோது அவள் நாளுக்கு நாள் மெலிந்தாள். வயிறு உப்பும்; அடிக்கடி கழிச்சல் உண்டாகும். இரத்தச் சோகைக்கு இரும்புச் சத்து மாத்திரைகள் கொடுத்தும் பயனில்லை. வலு வரட்டும் என்று தாய் நாள்தோறும் இருவேளை மால்ட் கலந்த பானத்தைக் கொடுத்து வந்தாள். அந்தப் பானத்திலேயே நோயின் வித்து இருந்தது என்பதை அப்போது எவரும் அறியவில்லை. இரத்தப் பரிசோதனையும் குடலின் உட்பகுதிச் சோதனையும் செய்தபின்னரே உண்மை வெளிப்பட்டது.

அந்நோய் யாது என்பதைச் சுருங்கச் சொல்கிறேன். கோதுமையில் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. அதனை நீங்கள் வீட்டிலேயே காணலாம். ஒரு பிடி கோதுமை மாவைப் பிசைந்து உருண்டையாக்கி, நீரில் மெல்ல அலசுங்கள். மாச்சத்து பால்போல் கரைந்து வெளியேறும். கையில் பசைபோல் இழுபடும் ஒரு பொருள் எஞ்சும். அதிற் பெரும்பகுதி குளூட்டனே. பரோட்டா மாவு கிழியாமல் விரிவதும் ரொட்டி உப்பி எழுவதும் அதனாலேயே. பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் இதனை ஒத்த புரதங்கள் உள்ளன. மால்ட் என்பது பெரும்பாலும் முளைகட்டிய பார்லியே.

நம்மிற் பெரும்பாலோர்க்கு இப்புரதம் தீங்கு செய்வதில்லை. பிறப்பிலேயே குறிப்பிட்ட மரபுக்கூறுகளைப் பெற்ற சிலர்க்கு மட்டும், இதனைக் கண்டவுடன் உடலின் தற்காப்பு ஆற்றல் தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்கிவிடுகிறது. சிறுகுடலின் உட்புறத்தில், உணவின் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற குடலுறிஞ்சிகள் எண்ணற்றவை உள்ளன. அவை தேய்ந்து மழுங்கிவிடுகின்றன. பிறகு எவ்வளவு நல்லுணவு உண்டாலும் உடலில் ஒட்டுவதில்லை. உலக மக்களில் ஏறத்தாழ நூற்றுவரில் ஒருவர்க்கு இந்நோய் உண்டென்று கணித்திருக்கிறார்கள். நம் நாட்டில் கோதுமை மிகுதியாக உண்ணும் வட பகுதியில் இது மிகுதி; தெற்கே குறைவு. குறைவாக இருப்பதனாலேயே இங்கே இதனை அறிந்தவரும் குறைவு.

இந்நோய்க்குக் காரணம் கண்ட வரலாறும் உணவோடு பிணைந்ததே. இங்கிலாந்தில் சாமுவேல் ஜீ என்ற மருத்துவர் 1888-ஆம் ஆண்டில் இதனைத் தெளிவாக விளக்கி எழுதினார். இது தீருமானால் உணவு முறையால்தான் தீரும் என்று அவர் உணர்ந்திருந்தார். எந்த உணவு குற்றவாளி என்பது அவர்க்குப் புலப்படவில்லை. ஆலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே கோதுமையின்மீது ஐயம் கொண்டு ஆராய்ந்து வந்தார். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அந்நாட்டின் மேற்குப் பகுதியில் கொடும் பஞ்சம் நேர்ந்தது. ரொட்டி கிடைக்கவில்லை. ஊரெல்லாம் பசியால் வாடியபோது, இந்நோயுற்ற குழந்தைகள் முன்னினும் நலமடைந்தன. பஞ்சம் நீங்கி ரொட்டி திரும்ப வந்தபோது அவற்றின் நோயும் திரும்ப வந்தது. பிறர்க்கு உயிரளித்த ரொட்டி இக்குழந்தைகளுக்கு நோயளித்தது! தம் ஆராய்ச்சி முடிவுகளை 1950-ஆம் ஆண்டில் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வுரையில் அவர் வெளியிட்டார். இன்றளவும் இதற்கு உரிய மருத்துவம், வாழ்நாள் முழுவதும் குளூட்டனை அறவே விலக்குதலேயாகும்.

இவையெல்லாம் எனக்கு ஓரளவு தெரிந்தேயிருந்தன. அதனால் முந்தைய ஆண்டில் நடந்த எங்கள் புதுமனை புகுவிழாவில் மிகக் கருத்தாக இருந்ததாக எண்ணிக்கொண்டிருந்தேன். ரவைக் கேசரியை நீக்கினேன். சேமியாப் பாயசத்திற்கு மாறாகப் பாசிப்பருப்புப் பாயசம் வைத்தேன். பூரி இல்லை, சப்பாத்தி இல்லை. "உனக்காகவே செய்தது, தயங்காமல் சாப்பிடு" என்று நானே முன்னின்று பரிமாறினேன். அவளும் மறுக்காமல் சாம்பாரும் ரசமும் விட்டு உண்டாள்.

அன்றிரவு தொடங்கி மூன்று நாள் அவள் படுக்கையில் கிடந்தாள் என்பதைத் தங்கை சொல்லித்தான் அறிந்தேன். "மாமாவிடம் சொல்லாதே, அவ்வளவு ஆசையோடு செய்தார், மனம் வருந்துவார்" என்று தாயிடம் உறுதிமொழி வாங்கியிருந்தாளாம். அதன்பின் எந்த வீட்டு விருந்துக்கும் அவள் செல்வதில்லை. தோழியரின் பிறந்தநாள் கூட்டங்களுக்கும் ஏதேனும் பொய்க் காரணம் சொல்லி நின்றுவிடுகிறாள். குடலில் உண்டான புண் ஆறிவந்தது. உறவில் உண்டான அச்சம் வளர்ந்து வந்தது.

வீடு திரும்பியதும் அடுக்களையை ஆராய்ந்தேன். அரிசி, பருப்பு, புளி, மிளகு, சீரகம் எதிலும் குற்றமில்லை. இறுதியாகப் பெருங்காயப் பெட்டியைக் கையில் எடுத்தேன். பெருங்காயம் ஆப்கானிஸ்தானம், ஈரான் முதலிய இடங்களில் வளரும் ஒருவகைச் செடியின் பிசின். அதன் காரமும் மணமும் மிகக் கடுமையாதலால், பிசினோடும் மாவோடும் கலந்தே பெரும்பாலும் விற்கிறார்கள். அப்பெட்டியின்மேல் சிறிய எழுத்தில் கோதுமை மாவு என்று அச்சிட்டிருந்தது! சாம்பாரிலும் ரசத்திலும் கூட்டிலும் மோரிலும் என் கையாலேயே அவளுக்கு நோயைப் பரிமாறியிருக்கிறேன்.

ஒரு சிட்டிகை என்ன செய்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டிலும் பிற நாடுகள் பலவற்றிலும், குளூட்டன் அற்றது என்று விற்கும் பொருளில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தல் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். அதாவது ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. சமைப்பதனால் அது அழிந்துபோவதுமில்லை. ஆகவே, "ஒரு துண்டுதானே, எனக்காகத் தின்னக் கூடாதா?" என்று வற்புறுத்துவது அன்பன்று.

என் அன்னையார்க்கு இந்நோயில் நம்பிக்கை இருந்ததில்லை. "கோதுமை ஆகாது என்பது எந்த ஊர்ப் பேச்சு? கஞ்சி குடித்தால் எல்லாம் சரியாகும்" என்பார். குடலுறிஞ்சிகளைப் பற்றி நான் எவ்வளவோ விளக்கியும் பயனில்லை. ஒருநாள், "அம்மா, அவளுக்கு இது ஆயுள் முழுவதும் பத்தியம்" என்று மட்டும் சொன்னேன். அன்னையாரின் முகம் மாறிற்று. மூன்று பெண்களுக்குப் பிள்ளைப்பேற்றுப் பத்தியம் காத்தவர் அவர்; ஒரு நாள் தவறினாலும் தாய்க்கும் சேய்க்கும் கேடு என்று விழித்திருந்து காத்தவர். "பத்தியம் என்று முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று என்னைக் கடிந்துகொண்டார். அறிவியல் திறக்காத கதவைப் பழகிய ஒரு சொல் திறந்தது.

அவ்வாண்டுத் தீபாவளியில் அவர் காட்டிய நுட்பம் எனக்குத் தோன்றாதது. அதிரசத்திற்கு அரிசி மாவுதானே, கடையில் அரைத்து வருகிறேன் என்றேன். "அந்த இயந்திரத்தில் நமக்கு முன்னால் எவன் கோதுமை அரைத்தானோ!" என்று தடுத்துவிட்டு, ஊறவைத்த அரிசியை வீட்டு உரலிலேயே இடிக்கச் செய்தார். பேத்திக்கென்று தனிப் பலகாரம் செய்யவில்லை. வீட்டார் அனைவர்க்கும் அதே அதிரசம், அதே முறுக்கு, அதே பொரிவிளங்காய் உருண்டை. தனித்தட்டு வைத்தால் அவள் மனம் சுருங்கும் என்று அவர்க்கு எவரும் சொல்லித் தரவில்லை.

விலக்குணவு உண்பவரிடம் நாம் நடந்துகொள்ளும் முறை மூவகைப்படும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. முதலாமவர் நம்பாதவர், "இதெல்லாம் இக்காலப் பழக்கம்" என்று நகைப்பவர். இரண்டாமவர் அளவுக்கு மிஞ்சி இரங்குபவர். பந்தி நடுவில், "ஐயோ பாவம், இந்தப் பெண் எதையும் தின்னக் கூடாது" என்று உரக்கச் சொல்லி எல்லாக் கண்களையும் அவள்மேல் திருப்புபவர். மூன்றாமவர் முன்னதாகவே கேட்டறிந்து, ஓசையின்றி ஆவன செய்பவர். நான் புதுமனை விழாவில் மூன்றாமவன் என்றே எண்ணியிருந்தேன். ஆனால் கேட்க வேண்டியவளைக் கேட்காமல் நானே எல்லாம் அறிந்தவன்போல் நடந்தேன். கேளாத அன்பு அரைகுறை அன்பு.

விருந்தினர்க்கும் ஒரு கடமை உண்டு. தமக்கு ஆகாததை முன்கூட்டியே சொல்லுதல் குறையன்று. நேர்ந்த தவற்றை மறைத்தல், அடுத்த முறையும் அதே தவறு நேர வழி செய்யும். இதனை என் தங்கை மகளிடம் சொன்னேன். "இனிச் சொல்கிறேன் மாமா, நீங்களும் கேட்க வேண்டும்" என்றாள். அதுவே எங்கள் உடன்படிக்கை.

மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் கூற வேண்டும். இவ்வுரையைக் கேட்டு, வயிறு சிறிது உப்பியவுடன் எவரும் தாமாகக் கோதுமையை விட்டுவிட வேண்டா. சோதனைக்கு முன்பே விட்டுவிட்டால் நோயின் அடையாளம் மறைந்து, உண்மை புலப்படாமற் போகக்கூடும். முதலில் மருத்துவரிடம் செல்க. உணவை மாற்றுவது அதன் பின்னரே.

திருமணத்திற்கு இரு வாரங்களுக்கு முன் சமையற்காரரையும் அப்பெண்ணையும் ஒருங்கே அமர்த்திப் பேசினோம். பட்டியலை அவளே படித்தாள். பார்க்கப் பார்க்க எனக்கு வியப்பாக இருந்தது. சோறு, பருப்பு, அவியல், பொரியல், இட்டிலி, வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல் என நம் விருந்திற் பெரும்பகுதி இயல்பாகவே குளூட்டன் அற்றது. மாற்ற வேண்டியவை சிலவே. அரிசி மாவு கலந்த பெருங்காயம் தேடி வாங்கினோம்; பொடிகளை வீட்டில் இடித்தோம். மைதாப் பலகாரம் பொரித்த எண்ணெயில் அப்பளமும் வடையும் பொரிப்பதில்லை என்று முடிவாயிற்று. இரவுச் சிற்றுண்டிக்கான பூரியை வேறோர் அடுப்பில், வேறு கரண்டிகளோடு ஒதுக்கினோம். சமையற்காரர் முதலில் முகம் சுளித்தார். பிறகு, "என் அண்ணனுக்குச் சர்க்கரை நோய், கல்யாண வீடென்றால் அவரும் இப்படித்தான் ஒதுங்கி நிற்பார்" என்று தாமே சொல்லி, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

முகூர்த்தம் முடிந்தது. முதற் பந்தியில், தன் தோழியர் நடுவே அவள் அமர்ந்தாள். என் அன்னையார் தள்ளாத வயதிலும் அடுக்களை வாயிலில் நாற்காலி இட்டு, கரண்டிகளுக்குக் காவலாக வீற்றிருந்தார். நான் பரிமாறச் செல்லவில்லை. தூண் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இலையைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. அவளும் எவரையும் எதுவும் கேட்கவில்லை. சாம்பார் முடிந்து ரசம் வந்தது. அவள் கையைக் குவித்து வாங்கி அருந்தினாள். பரிமாறியவர் அடுத்த இலைக்கு நகர்ந்தபோது, "அண்ணா, இன்னும் கொஞ்சம் ரசம்" என்று கூப்பிட்டாள்.

பல விருந்துகளில் எத்தனையோ பாராட்டு மொழிகளைக் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு சொல்லுக்கு நிகராக அவற்றுள் ஒன்றும் இல்லை.